வாழ்த்துக்குள் ஒளிந்த 17,12,210

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் இரைச்சலைத் தாண்டி வலியசாலை அக்கிரகாரத்துக்குள் வந்துவிட்டால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இங்கேதான் இருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கல்விக்குப் பேர்போன இடம் அது.

கேரளத் தமிழர் இல்லங்களில் நாராயணீய பாராயணம் புதிதல்ல. நூறு தசகங்களும் முடியும்போது நாவில் நிற்கும் கடைசிச் சொல் "ஆயுராரோக்யசௌக்யம்." நீண்ட ஆயுள், நோயின்மை, சுகம். வாத நோயால் வாடிய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி, குருவாயூர் சன்னிதியில் வேறு எதைக் கேட்பார்? ஆனால் அந்த வாழ்த்து ஓர் எண்ணும் ஆகும் என்பதைப் பாராயணம் செய்வோர் எல்லோரும் கவனிப்பதில்லை.

கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. தனித்து நிற்கும் உயிர் பூஜ்யம். ய ஒன்று, ர இரண்டு, ஸ ஏழு. கூட்டெழுத்தில் கடைசி மெய்யே கணக்கு. ஆ, யு, ரா, ரோ, க்ய, சௌ, க்யம் என்பவை முறையே 0, 1, 2, 2, 1, 7, 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 17,12,210. மேளகர்த்தா ராகங்களுக்கும் இதே முறைதான்: மேசகல்யாணியின் 'மே' ஐந்து, 'ச' ஆறு, திருப்பினால் 65!

வெறும் எண்ணாக இதில் பெரிய அதிசயம் ஏதுமில்லை. 2, 5, 47, 3643 என்ற நான்கு பகா எண்களின் பெருக்கம், அவ்வளவே. ஆனால் நாட்கணக்காகக் கொண்டால் பேச ஆரம்பித்துவிடும். இது கலியுகம் பிறந்தது முதல் நூல் நிறைவுற்ற நாள் வரையிலான தொகை. ஆண்டுக்கு 365 நாளும் கால் நாளுக்குச் சற்றுக் கூடுதலும் என்று வகுத்தால் 4,687 ஆண்டுகள் போக ஏறத்தாழ 242 நாட்கள் மிஞ்சும். 4,687இல் 3,101ஐக் கழிக்க, கி.பி. 1586. மிஞ்சிய நாட்களைச் சித்திரை முதல் எண்ணிச் சென்றால் கார்த்திகையின் கடைசி வாரத்தில் வந்து நிற்கும். கொல்லம் 762, விருச்சிகம் 28 என்று மரபு கூறுவதும் இதையே.

கிழமையும் கிடைக்கும். கலியின் முதல் நாள் வெள்ளி. அதை ஒன்றாகக் கொண்டு எண்ணி 7ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே ஞாயிறு.

ஏட்டில் இலக்கமாக எழுதியிருந்தால், படியெடுப்பவர் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லில் ஓர் எழுத்து பிசகினால் பொருளும் சந்தமும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். நாலு நூற்றாண்டுகளாக அத்தேதி சேதமின்றி வந்து சேர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

கணக்கில் ஆர்வமுள்ளோர் நம் காலத்து நாளொன்றையும் சோதிக்கலாம். 1947 ஆகஸ்டு 15, அதே கணக்கில், கலியின் 18,43,948ஆவது நாள். 7ஆல் வகுக்க மீதி 1, வெள்ளிக்கிழமை. அந்த எண்ணுக்கு ஏற்ற சொல் எதுவென்று வலியசாலைத் திண்ணைகளில் கூடுவோர் கட்டிப் பார்க்கலாம்.