குளத்துச் சேற்றில் ஈரறிவுயிர்

தொல்காப்பியர் மரபியலில் நந்தையும் முரளையும் ஈரறிவு உயிர்களாக வைத்தார். தொடுதலும் சுவைத்தலும் மட்டுமே அவற்றின் அறிவு. முரள் என்பதில் இப்பி, கிளிஞ்சில், ஏரல் என்பவற்றை அடக்குவார் இளம்பூரணர். எமது பக்கத்தில் இவற்றை மட்டி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்.

மட்டக்களப்பு என்றதும் நேயர்களுக்கு வாவியின் பாடும் மீன் நினைவுக்கு வரும். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ற், அவ்வோசைக்குக் காரணமென்று மீனவர்கள் ஊரியைக் காட்டியதை எழுதிவைத்தார். விபுலாநந்த அடிகள் யாழ் நூலில் அந்த ஓசையை நீரரமகளிரின் இசையாக்கினார். உவர்நீர் ஊரிக்குக் கிடைத்த இந்தப் புகழில் துளியும் நன்னீர்க் குளத்து மட்டிக்குக் கிடைக்கவில்லை. அது பாடுவதில்லை, முத்தும் பெரிதாகத் தருவதில்லை. சேற்றில் பாதி புதைந்து, நாள் முழுதும் நீரை உறிஞ்சி, பாசித்துகளை உண்டு, தெளிந்த நீரை வெளியே விடுகிறது. அவ்வளவே அதன் தொழில்.

குளம் வற்றும்போதுதான் அதன் சங்கடம் தொடங்குகிறது. நீர் சூடேற உயிர்வாயு குறைகிறது. மீனுக்கு ஆழம் தேடி ஓட முடியும். மட்டியோ ஒற்றைத் தசைக்காலால் ஊர்வது. ஓட்டை இறுக மூடிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, உடலில் சேர்த்துவைத்ததைக் கொண்டு காத்திருக்கும். ஈரம் இருக்கும்வரை இந்தத் தவம் பலிக்கும். சேறு வெடித்தால் பலிக்காது. இடையில் நத்தைகுத்தி நாரை வேறு வந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டியின் குஞ்சு சில காலம் மீனின் பூவிலோ செட்டையிலோ ஒட்டி வாழ்ந்த பின்னரே சேற்றில் விழுந்து தனியே வளரும். ஆகவே மீன் செத்தால் அடுத்த தலைமுறை மட்டியும் இல்லை. வட அமெரிக்காவின் சுமார் 300 நன்னீர் மட்டி இனங்களில் பத்துக்கு ஏழு ஆபத்தில் உள்ளன. 2000ஆம் ஆண்டு வறட்சியில் ஜோர்ஜியா மாநிலத்துப் பிளின்ற் ஆற்றுப்படுகையின் கிளையாறுகள் வற்றியபோது அரிய இனங்கள் பல மடிந்தன.

2016-17 வறட்சி இலங்கையில் நாற்பது ஆண்டுகளில் மிகக் கொடியது எனப்பட்டது. நெல்லிழப்பைக் கணக்கிட்டோம், மட்டியை யார் எண்ணுவார்? வற்றிய குளத்தில் பெக்கோவை இறக்கித் தூர்வாருவது விவசாயிக்கு அவசியந்தான், மறுக்கவில்லை. ஆனால் உயிர் ஒதுங்கியிருக்கும் கடைசி ஈரச்சேறும் அதனோடு அள்ளப்படுகிறது. உன்னிச்சையானாலும் உறுகாமமானாலும், குளத்தின் ஆழமான மடுவை மட்டும் தோண்டாது விட்டுவைக்கும்படி கமக்காரர் அமைப்புகள் கேட்டுக்கொள்ளலாம்.