கையால் வரைந்ததா, பிரின்ட்டா? வெள்ளைக்காரப் பிரபு ஓவியம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிவப்பு கோட்டு, இடுப்பில் வாள், பின்னால் கறுத்த மேகம். ஹோட்டல் லாபியிலோ, காபி ஷாப் சுவரிலோ இப்படி ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆன்லைனில் தேடினால் ‘கையால் வரைந்த ஆயில் பெயின்டிங்’ என்று வரிசையாக வரும். வீட்டு ஹாலுக்கு ஒன்று வாங்கலாம் என்ற யோசனையா? பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

தர்மபுரிக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம்?

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானிடம் இருந்த பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகள் அதில் அடக்கம். அங்கே நிலத்தை அளந்து வரி நிர்ணயிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை பாராமகாலில்தான் வேலை. விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானதும் இங்கேதான்.

ஸ்காட்லாந்தில் பிறந்த அதே மன்றோ 1820-ல் மெட்ராஸ் கவர்னர் ஆனார். 1825-ல் பேரனெட் பட்டமும் கிடைத்தது. பிரபுக்களையும் தளபதிகளையும் வரைந்த மார்ட்டின் ஆர்ச்சர் ஷீ, இவரையும் வரைந்தார். சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் சிலையாக நிற்பவரும் இவரே.

அந்தக் காலத்திலேயே நகல் எடுத்தார்களா?

எடுத்தார்கள், வெளிப்படையாகவே. கேமரா இல்லாத காலத்தில் ஒரு முகம் கடல் தாண்டிப் போக வேண்டுமென்றால், யாராவது மறுபடி வரைந்தாக வேண்டும். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஓவியத்தை ஆலன் ராம்சே வரைந்ததும், அவருடைய ஸ்டூடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட நகல்கள் தயாராகின. தூதரகங்களுக்கும் காலனி நாடுகளுக்கும் அவை அனுப்பப்பட்டன. மன்னர் வராத ஊரில் அவர் படம் தொங்கியது. அதைப் போலி என்று யாரும் சொல்லவில்லை, ஏன்னா யாரும் அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்கவில்லை.

நம்மூர் ஓவியர்கள்?

1868-ல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே ஆயில் பெயின்டிங் நுட்பத்தைப் பிடித்துக்கொண்டவர் ரவிவர்மா. பத்து வருடம் கழித்து மெட்ராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவையே அவர் வரைந்தார். ஆமாம், பக்கிங்ஹாம் கால்வாய் பெயரில் இருப்பவரேதான்.

1894-ல் ரவிவர்மா அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களை ‘ஓலியோகிராஃப்’ ஆக அச்சிட்டார். ஆயில் பெயின்டிங் போலவே தோன்றும் பிரின்ட் அது. ஆக, பிரின்ட்டை ஆயில் பெயின்டிங் மாதிரி காட்டும் வித்தை புதுசு இல்லை. ஆனால், அவர் அதை அச்சுப்படம் என்று சொல்லியே விற்றார்.

நகல் எப்படி உருவாகிறது?

முதலில் மூலப் படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் கேன்வாஸிலும் கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டமாகக் கோடுகளை மாற்றி வரைவார்கள். சினிமா பேனர் ஓவியர்கள் சின்ன ஸ்டில்லைப் பெரிதாக்கியதும் இதே முறையில்தான். அடுத்து ஒரே நிறத்தில் வெளிச்சம், நிழல். அதன்மேல் வண்ணம், அடுக்கடுக்காக.

நேரம் எடுப்பது இங்கேதான். ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாள் ஆகும். உள்ளே முழுசாகக் காய மாதக்கணக்கு ஆகும். அதனால் ‘ஆர்டர் செய்த மூன்றே நாளில் வரைந்து டெலிவரி’ என்று யாராவது சொன்னால், அங்கேயே சந்தேகப்படுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• மொபைல் கேமராவில் மேக்ரோ மோட் போட்டு முகத்தைப் பாருங்கள். நுண்ணிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிரின்ட்.

• பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். பிரஷ் தடம் மூக்கு, துணி மடிப்பு, சரிகை ஆகியவற்றின் வடிவத்தோடு சேர்ந்து போக வேண்டும். படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரே மாதிரி மேடுகள் இருந்தால், பிரின்ட் மேல் ஜெல் தடவியிருக்க வாய்ப்பு அதிகம்.

• வரையும்போது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். கட்டம் போட்டதிலிருந்து கடைசி வரை. நிஜமாக வரைபவருக்கு இது பெரிய வேலை இல்லை.

• பில்லில் ‘கேன்வாஸில் கையால் வரைந்த எண்ணெய் ஓவிய நகல்’ என்று எழுதி வாங்குங்கள். வந்தது பிரின்ட் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் தரலாம்.

நகல் வரைவது சட்டப்படி சரியா?

இந்தியாவில் ஓவியரின் ஆயுள்காலமும், அவர் இறந்து 60 வருடமும் காப்புரிமை உண்டு. ஷீ இறந்தது 1850, ரவிவர்மா 1906. இவர்களின் ஓவியங்களை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், விற்கலாம். பழைய ஒரிஜினல் என்று சொல்லி விற்றால்தான் மோசடி. பாரிஸின் லூவர் மியூசியத்திலேயே நகல் எடுக்க அனுமதி உண்டு. ஆனால் நிபந்தனைகள் உண்டு: அளவு ஒரிஜினலிலிருந்து மாறியிருக்க வேண்டும்; ஓவியரின் கையெழுத்தையும் போடக்கூடாது.

ஒரிஜினல் உருவப்படங்களைப் பார்க்க லண்டன் போகணும்னு இல்லை. சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் கவர்னர்கள் வரிசையாக இருக்கிறார்கள். பாராமகாலைக் கம்பெனிக்கு வாங்கித் தந்த கார்ன்வாலிஸின் சிலையும் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை.

மன்றோவுக்கு ஓவியம் இருக்கிறது, சிலை இருக்கிறது. அவர் அளந்த நிலத்தில் உழுது வரி கட்டிய பாராமகால் விவசாயிகளை நிற்க வைத்து, ஷீ போல ஒருவர் வரைந்ததில்லை. கட்டம் போட்டு, மாதக்கணக்கில் பொறுமையாக வரையத் தெரிந்த ஒரு ஓவியரைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், பிரபுவைத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. ஆல்பத்தில் மங்கிக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டி போட்டோவையும் கொடுக்கலாம்.