காற்றைச் சிறைப்பிடித்த கல்

சேலத்து வெயிலை அடிவாரத்தில் விட்டுவிட்டு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு ஏறிச் சென்று, சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் புல்கூரை வீடொன்றில் குனிந்து நுழைகிறவர், பகல் உஷ்ணமும் இராக் குளிரும் அங்கே வாசலோடு நின்றுவிடுவதை உணர்வார். தடுத்து நிறுத்துவது புல் அன்று, புல்லின் இடுக்குகளில் அசையாது அடைபட்டுக் கிடக்கும் காற்று.

இந்தச் சூட்சுமத்தைக் கல்லுக்குள் புகுத்தியவர் ஸ்வீடன் தேசத்து யோஹான் ஆக்ஸல் எரிக்ஸன், காலம் 1920கள். சுண்ணாம்பு, சிமெண்ட், அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஆகியவற்றை நீரில் குழைத்து, எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அலுமினியத் தூளைக் கலந்தால், சுண்ணாம்பின் காரத்தில் அது ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்ப, கலவை ஆப்பமாவைப் போலப் பொங்குகிறது. வாயு வெளியேறக் காற்று குடிபுகுகிறது. இறுகிய பாளத்தைக் கம்பியால் அறுத்து, அழுத்தமான நீராவியில் ஏறத்தாழ 190 டிகிரிச் சூட்டில் பல மணி நேரம் வேகவைத்தால், கொத்தனார்கள் ஏ.ஏ.சி. கல் என்று சொல்லும் பொருள் கிடைக்கிறது. ஒரு கன மீட்டர் செங்கல் சுமார் 1,800 கிலோ, இதுவோ 600. தண்ணீரில் மிதக்கும்!

இதன் மூலப்பொருள்கள் நமக்கு அந்நியமல்ல. சாம்பல் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் மலையாய்க் குவிகிறது. இதே சேர்வராயன் மலையின் பாக்சைட்டை வெட்டிக் கொண்டுபோய்த்தான் ஒரு காலத்தில் மேட்டூரில் அலுமினியம் உருக்கினார்கள். சாம்பலே பெரும்பங்கு என்பதால் வயலின் மேல்மண்ணும் சூளை விறகும் மிஞ்சுகின்றன. ஆயினும் சிமெண்டும் நீராவியும் கரியமில வாயுவை வெளியிடாமல் வருவனவல்ல. கரியமில வாயுவே வெளியிடாத கல் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

என் அபிப்பிராயத்தில், உஷ்ணத் தடுப்பின் முழுப் பலன் சேலத்து மொட்டைமாடி வீடுகளுக்கே. ஏற்காட்டுக்கு முக்கியமான லாபம் எடைக்குறைவு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறும் லாரி, செங்கல் பாரத்துக்கு ஈடாக இக்கல்லை மூன்று மடங்கு சுவருக்குக் கொண்டுவரலாம். ஈரத்தை உறிஞ்சுவது இதன் பெருங்குறை. இருபருவ மழையும் காணும் மலையில் அது அற்ப விஷயமன்று. ஆகவே அங்கே வீடு கட்டுகிறவர்கள் கல்லின் விலையோடு லாரி வாடகையையும் சேர்த்துப் பார்த்து, மிச்சமாகும் பணத்தை வெளிப்பூச்சுக்குச் செலவிடுவார்களாக.