கேமராவும் குருவியைக் கொல்லும்!

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றின் கரையில் இருக்கிறது தாடிக்கொம்பு. சவுந்தரராஜப் பெருமாள் கோவிலால் பெயர் பெற்ற ஊர்.

இந்தப் பக்கத்து வயல்களில் தண்ணீர் பாய்ந்திருக்கும்போது வரப்பைப் பாருங்கள். ஒரு பறவை அசையாமல் நிற்கும். உடம்பு மண் நிறம். கிட்டே போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. திடீர் என்று பறக்கும். பார்த்தால், வெள்ளை வெளேர் என்று இருக்கும்!

இது என்ன மாயம்?

மாயம் ஒன்றும் இல்லை. அதன் பெயர் மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். அதன் முதுகு மண் நிறம், சிறகு வெள்ளை. சிறகை மடக்கினால் வெள்ளை மறைந்துவிடும்.

பெயர் கேட்ட சிறுவன்

பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்டான். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு, அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொன்னார்.

அந்தச் சிறுவன்தான் பறவை அறிஞர் சலீம் அலி (1896–1987). இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1941-ல் வெளிவந்தது. பறவைக்குப் பெயர் தேடியவர்களுக்கு எல்லாம் அது வழிகாட்டியது.

நாவலாசிரியர் மகன்

தமிழ்நாட்டிலும் ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). காடுகளில் அலைந்து விலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு–வெள்ளையில் படம் எடுத்தார். 1950 முதல் சாகும்வரை, 46 ஆண்டுகள், ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எப்படிப் பார்ப்பது?

விடியற்காலையே நல்ல நேரம். முதலில் அளவைப் பாருங்கள். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? பிறகு அலகு, கால், வால். குரலையும் கேளுங்கள். தேதியையும் இடத்தையும் நோட்டில் எழுதுங்கள். படம் எடுத்தால், வீட்டுக்கு வந்து புத்தகத்தோடு ஒப்பிடலாம்.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கு எடுக்கிறார்கள். கேமரா இல்லாதவர்களும் இதில் சேரலாம்.

கூட்டின் அருகே போகாதீர்கள்!

துப்பாக்கிதான் கொல்லும் என்று நினைக்க வேண்டாம். கேமராவும் கொல்லும்!

நல்ல படம் வேண்டும் என்று சிலர் கூட்டை நெருங்குகிறார்கள். மறைக்கும் இலைகளை ஒடிக்கிறார்கள். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல். அதுதான் காக்கையின் கண்ணில் படாமல் காக்கும் திரை. ஆள் நின்றால் தாய்ப்பறவை இரையோடு வந்தும் கூட்டில் இறங்காது. மிரண்டுபோய்க் கூட்டையே விட்டுவிடுவதும் உண்டு. குஞ்சுகளின் கதி என்ன?

பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? அங்கேயே நின்றுவிடுங்கள். அதுதான் எல்லை.

படம் கொஞ்சம் மங்கலாக வந்தால் என்ன? குஞ்சு உயிரோடு இருக்கிறதே!