ரொட்டி உண்பவன்

ஆங்கில மொழியில் எழுதப்பெற்று இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகத் தொன்மையானதென அறிஞர் போற்றுவது, ஏறத்தாழ கி.பி. 600-இல் கெண்ட் நாட்டை ஆண்ட ஏதல்பெர்ட் மன்னர் வகுத்த சட்டத் தொகுப்பாகும். 12-ஆம் நூற்றாண்டில் ராச்செஸ்டர் நகரில் எழுதப்பட்ட ஒரேயொரு பிரதியில் தப்பிப் பிழைத்திருக்கும் அச்சட்டங்களின் நடுவே, 'ஹ்லாஃபேட்டா' என்னும் அபூர்வமான சொல்லொன்று காணப்படுகிறது. குடியானவன் ஒருவனுடைய ஹ்லாஃபேட்டாவைக் கொன்றவன் 6 ஷில்லிங் ஈடு செலுத்துக என்பது விதி.

'ஹ்லாஃப்' என்பது ரொட்டி. 'ஏட்டா' என்பது உண்பவன். ஒரு வீட்டு ரொட்டியை உண்டு, அவ்வீட்டையே அண்டி வாழும் ஊழியன் என்பது இதன் தாத்பரியம். அந்த ரொட்டியைக் காப்பவன் 'ஹ்லாஃப்வெர்ட்' எனப்பட்டான்; அதற்கு மாவு பிசைந்தவளோ 'ஹ்லாஃப்டியே' ஆனாள். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ஒலி தேய்ந்து, முன்னது 'லார்ட்' என்றும், பின்னது 'லேடி' என்றும் திரிந்து, பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் உரிய கௌரவப் பட்டங்களாயின; லார்ட் என்பது பரம்பொருளையே குறிக்கும் உன்னத ஸ்தானத்தையும் எய்திற்று. மாவு பிசைந்த கையின் சுவடு 'லேடி' என்னும் சொல்லில் இன்னமும் ஒளிந்திருப்பதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

உண்டவனைக் குறித்த சொல் மட்டும் வழக்கொழிந்தது. அவன் உயிருக்கென விதித்த 6 ஷில்லிங்கோ, குடியானவனின் பாதுகாப்புரிமையை மீறியவன் செலுத்த வேண்டியிருந்த அதே தொகைதான். சுதந்திர மனிதனைக் கொன்றால் 100 ஷில்லிங்.