உச்சவரம்பு மட்டும் சமநிலை தராது

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்றழைப்பது நாமறிந்த கால்பந்து அன்று; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். பல்கலைக்கழக அணிகள் மோதும் ஆட்டங்களைக் காண ஒரு லட்சம் பேர் வரை திரளும் அரங்குகள் அங்குண்டு. மாணவர் விளையாட்டு என்ற பெயரிலான இப்பெருவணிகத்தில், ஆட்டம் தொடங்கும் முன்பே பணம் பாதி முடிவை எழுதிவிடுகிறது என்றே கருதுகிறேன்.

இதன் வேர் 1984-இல் உள்ளது. அதுவரை ஒளிபரப்பைத் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கமே கட்டுப்படுத்தியது. அது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அணிகளின் கூட்டமைப்புகள் தனித்தனியே உரிமையை விற்றன. 'பிக் டென்' கூட்டமைப்பு 2022-இல் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் அதிகம் எனக் கூறப்பட்டது. மறுபுறம், 'பேக்-12' கூட்டமைப்பின் 12 அணிகளில் 10 அணிகள் கூடுதல் வருவாயை நாடி 2024-இல் வெளியேறின.

2021 ஜூலை முதல் வீரர்கள் விளம்பரங்களின் வழியே பொருளீட்ட அனுமதிக்கப்பட்டனர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாக வழங்கலாம். உழைப்பவருக்கு ஊதியம் கிடைப்பது நியாயமே. ஆனால், இது உச்சவரம்பு மட்டுமே. அத்தொகையைத் திரட்ட இயலாத பல்கலைக்கழகங்களுக்கு அதனால் பயனில்லை.

தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல் வேறுவழியில் செல்கிறது. தேசிய ஒளிபரப்பு வருவாயை 32 அணிகளும் சமமாகப் பகிர்கின்றன. ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. புதிய வீரர்களைத் தேர்வுசெய்யும் முதல் வாய்ப்பு கடைசி இடம்பெற்ற அணிக்கே. கல்லூரி ஆட்டத்தில் இத்தகைய பகிர்வு இல்லை. சிறிய அணி வளர்த்தெடுத்த வீரரைப் பெரிய அணி அடுத்த ஆண்டே ஈர்த்துக்கொள்ளலாம்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச்சுற்றில் ஆடும் அணிகளின் எண்ணிக்கை 2024-இல் நான்கிலிருந்து பன்னிரண்டானது. சிறிய கூட்டமைப்பைச் சேர்ந்த பாய்சி ஸ்டேட் அணியும் அதில் இடம்பெற்றது. இது வரவேற்கத்தக்கது. எனினும் வாசலைத் திறப்பது வேறு, வளத்தைப் பகிர்வது வேறு.

இது வெற்றி தோல்வியோடு முடிவதில்லை. சிறிய பல்கலைக்கழகங்கள் பல, விளையாட்டுத் துறையின் பற்றாக்குறையை மாணவர் கட்டணத்தைக் கொண்டே ஈடுகட்டுகின்றன. அரங்கின் பக்கமே செல்லாத மாணவரும் இந்தப் போட்டாபோட்டிக்குப் பணம் கட்டுகிறார். ஒளிபரப்பு வருவாயில் ஒரு பகுதியையேனும் பொதுவாகப் பகிர்ந்தாலன்றி இச்சுமை குறையாது. அதற்குச் சட்டத்தில் இடமளிப்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் பொறுப்பு.