கூடாரம் அடிக்குமுன்...

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் குடும்பங்களிலும் பங்கு இளையோர் குழுக்களிலும் ஒரு கேள்வி எழும்: “இம்முறை பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?” ஏற்காடு என்பார் ஒருவர்; ஏலகிரி என்பார் மற்றொருவர்; அவ்வளவு தொலைவு எதற்கு, வீராணத்தங்கரை போதாதா என்பார் மூன்றாமவர். வண்டி வாடகை எவ்வளவு, சமையலுக்கு யார், தலைக்கு எத்தனை ரூபாய் என்பனவெல்லாம் விரிவாகப் பேசப்படும். இரவில் கூடாரம் அடித்துப் படுக்கும் இடம் எது என்பது மட்டும், “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடப்படும்.

அந்த ஒன்றைப் பற்றியே இங்குச் சிந்திப்போம்.

காடும் நீரும் சேர்ந்த இடத்தில் இரண்டு நாள் தங்கி வருவது பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது. வடக்குத்திலும் நெய்வேலி நகரியத்திலும் வளரும் பிள்ளைகள், இரவெல்லாம் ஒளி வீசும் சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் கண்டு பழகியவர்கள். விண்மீன்கள் நிறைந்த வானத்தை அவர்கள் முழுமையாகக் காண்பதற்கே ஓர் இருண்ட மலைப்புறம் வேண்டியிருக்கிறது. ஆகவே முகாம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஆயினும் ஓர் இடம் பகலில் காட்டும் முகம் வேறு, இரவிலும் மழையிலும் காட்டும் முகம் வேறு. நாம் இடம் பார்ப்பது பகலில், படுத்துறங்குவதோ இரவில். எனவே இடம் தேர்வோர் அதன் நல்ல வேளையைக் கண்டு மயங்கிவிடாமல், அதன் கெட்ட வேளையைக் கேட்டறிந்து முடிவு செய்யவேண்டும்.

கோடைக்கானல் கற்பிக்கும் பாடம்

இடந்தேர்தலுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார், கோடை வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பித் தங்குவதற்கு ஒரு மலையைத் தேடினர். திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை அவர்கள் கண்ணில் முதலில் பட்டது. அண்மையில் இருந்தது, பசுமையாக இருந்தது, காற்றும் இனிமையாக வீசியது. ஆனால் அங்கும் முறைக்காய்ச்சல் அவர்களை விடவில்லை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கோடைக்கானலை அவர்கள் பின்னர் நாடி, 1845-இல் அங்கே தங்குமனைகளை எழுப்பினர். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். காரணம் தெரியாத அக்காலத்திலேயே, ஓர் இடம் அழகாயிருந்தும் உடலுக்கு ஆகாது என்று கண்டவுடன் அதை விட்டு நீங்கும் அறிவு அவர்களுக்கு இருந்தது.

இன்று கோடைக்கானல் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் ஏரி, அவர்கள் இடம் தேர்ந்தபோது அங்கே இல்லை. 1863-இல் லெவிஞ்சு என்ற ஆங்கில அதிகாரி நீரோடையைத் தடுத்து அதனை உருவாக்கினார். நம் சலேத் மாதா ஆலயம் 1866-இல் எழுந்தது. முதலில் உடல்நலம் தேடப்பட்டது. அழகு பின்னர் வந்து சேர்ந்தது. முகாமுக்கு இடம் பார்ப்போரும் இந்த வரிசையை மாற்றலாகாது.

நீருக்கு அண்மையில், நீரின் வழியில் அன்று

முகாமுக்கு நீர் இன்றியமையாதது. சமைக்கவும் கழுவவும் நீர் எடுத்துவரும் தொலைவில் கூடாரம் இருக்கவேண்டும். எனினும் ஏரிக்கோ ஓடைக்கோ 200 அடிக்குக் குறையாத தொலைவில், அதைவிட மேடான தரையில் அடிப்பதே முறை. கரையோரத்து மணல் மெத்தை போல் இருக்கிறதே என்று ஆசைப்படலாகாது. அந்த மணலை அங்கே கொண்டுவந்து பரப்பியது வெள்ளமே அன்றோ?

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. பண்ருட்டி வட்டத்தில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஆகிய ஊர்களில் ஓடை பெருக்கெடுத்து வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளே இவ்வாறு செய்தன. வயநாட்டில் மேப்பாடியை அடுத்த முண்டக்கை, சூரல்மலை ஊர்களை 2024 ஜூலை 30 அன்று விடியுமுன் மலைச்சரிவு மூடியது. அங்கும் சேறும் பாறையும் ஆற்றின் வழியாகவே இறங்கி வந்தன. செடிகளிலும் வேலியிலும் சருகும் நாணலும் சிக்கித் தொங்கும் உயரத்தைப் பாருங்கள். வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்துபோயிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கூடாரமும் வேண்டாம்.

ஏரியின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். வீராணம் ஏரி சோழர் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்கு நீர் வருகிறது. நம் ஊரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் அதன் மட்டம் உயரக்கூடும். வாலாஜா ஏரிக்கோ, நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரும் வந்து சேர்கிறது. ஆகவே வானத்தைப் பார்த்து மட்டும் ஏரியை மதிப்பிட இயலாது. மதகின் அருகே நீர் உள்ளிழுக்கும். கலங்கலின் கீழே ஆழம் தெரியாது. கரைக்கு மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். அலைகல்லில் பாசி வழுக்கும்.

2022 ஜூன் 5 அன்று, நம் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் தடுப்பணைப் பக்கம் குளிக்க இறங்கிய சிறுமியரும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தனர். அது எங்கோ கேட்ட செய்தி அன்று. நம் அண்டை ஊர்த் தாய்மாரின் கண்ணீர். முகாமுக்கு அருகில் ஆழமான நீர் இருக்குமானால், பிள்ளைகளை எண்ணி இறக்கி எண்ணி ஏற்றுவதற்கு நீந்தத் தெரிந்த பெரியவர் இருவரேனும் வேண்டும். அவர்கள் இல்லையெனில் அந்த நீரில் குளியல் கிடையாது என்று முன்னதாகவே முடிவு செய்துவிட வேண்டும்.

சிதம்பரம் வட்டாரத்தில் பழைய கொள்ளிடம் செல்லும் ஊர்களில் முதலைகள் உண்டு. பிடிபடுபவற்றை வனத்துறையினர் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவது வழக்கம். அத்தகைய நீர்க்கரைகளில் பாத்திரம் கழுவவும் பிள்ளைகளை அனுப்பக்கூடாது.

மரமும் காற்றும் நெருப்பும்

வெயிலுக்கு நிழல் வேண்டும் என்று பெரிய மரத்தின் நேர் கீழே கூடாரம் அடிப்பது நம்மவர் வழக்கம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட முந்திரியும் பலாவும் பண்ருட்டி வட்டாரம் முழுவதும் வேரோடு சாய்ந்தன. அது கிறிஸ்து பிறப்பு விடுமுறைக் காலம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். புயல் வராத நாளிலும், பட்ட கிளை ஒன்று முறிந்து விழச் சிறு காற்றே போதும். படுக்குமுன் நிமிர்ந்து பாருங்கள். தலைக்குமேல் இலையில்லாக் கிளை இருந்தால் இடம் மாறுங்கள். பகல் நிழல் வேண்டுமானால் மரத்தின் கிழக்கே, அது விழுந்தாலும் எட்டாத தொலைவில் அடிக்கலாம். பிற்பகல் சாயச் சாய அதன் நிழல் நம்மை நோக்கி நீண்டு வரும். வெட்டவெளியில் தனித்து நிற்கும் பனையின் அடி, இடி மின்னலுக்கு ஆகாது.

நெருப்பு இன்னும் கொடியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அவர்கள் இளையோர், படித்தவர்கள், உடல் வலுவுள்ளவர்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ கீழிருந்து மேலாகப் பாயும். மேல்நோக்கி ஓடும் மனிதனைவிட விரைந்து பாயும். ஆகவே கோடையில் புல் உலர்ந்த சரிவின் நடுவில் தங்குவதும் அங்கே அடுப்பு மூட்டுவதும் கூடவே கூடாது. சமையல் அடுப்பு மண் தரையில், கூடாரங்களுக்குக் காற்று செல்லும் திசையில் அமையட்டும். அப்போது பொறி கூடாரத்தின் மேல் பறந்து வராது. படுக்கப் போகுமுன் நீரூற்றி அணைத்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்ததா என்று அறியவேண்டும்.

காட்டின் குடிகள்

காட்டோரத்து ஏரி நமக்கு விடுமுறைக் காட்சி. விலங்குகளுக்கு அது குடிநீர்த்துறை. மாலையிலும் இரவிலும் அவை அங்கு வந்தே தீரவேண்டும். 2021 ஜனவரியில் மேப்பாடிப் பகுதியில், காட்டை ஒட்டிய தங்குமிடம் ஒன்றின் கூடாரத்தில் தங்கச் சென்ற பெண்மணி ஒருவர் யானையால் கொல்லப்பட்டார். யானையிடம் குற்றம் காண்பதில் பொருளில்லை. அதன் நடைவழியை அறியாமல் கூடாரம் நட்டோரே விடை சொல்லவேண்டும். சாணம், ஒடிந்த கிளை, நீரை நோக்கிச் செல்லும் மிதிபட்ட தடம் ஆகியவை தென்படும் இடத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். பழமும் எச்சில் உணவும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

சிறு உயிர்களிடம் இன்னும் விழிப்பு வேண்டும். கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் உறங்குவோரைத் தீண்டுவது. கடித்த வலிகூடப் பலருக்குத் தெரிவதில்லை. காலையில் வயிற்றுவலி, இமை சரிதல் என்று தொடங்கி மூச்சுத் திணறலில் முடியும். ஆகவே அடித்தரையும் சேர்த்துத் தைத்த கூடாரமே நல்லது. கல்குவியல், கறையான் புற்று, விறகு அடுக்கு இவற்றுக்கு அருகில் படுக்கலாகாது. புதரிலும் உயர்ந்த புல்லிலும் உள்ள நுண்ணிய பூச்சிகளால் ஸ்கரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வரும். முகாமிலிருந்து திரும்பியபின் காய்ச்சல் கண்டால், “காட்டில் தங்கினோம்” என்று மருத்துவரிடம் தவறாது சொல்லவேண்டும். 108 வண்டி எந்த இடம்வரை வரும், பாம்புக்கடிக்கு மருந்துள்ள அரசு மருத்துவமனை எங்கே உள்ளது என்பதைப் புறப்படுமுன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடத்தில், அது கிடைக்கும் இடம் எது என்பதையும் அறிந்து வைப்பது அறிவுடைமை.

அனுமதி ஏன்?

காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் சட்டப்படி குற்றம். குரங்கணித் துயரத்துக்குப் பின், 2018-இலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலையேற்ற வழிகளை வனத்துறையே வழிகாட்டிகளோடு திறந்து வைத்தது. தீப்பிடிக்கும் காலமாகிய பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவ்வழிகள் மூடப்படுகின்றன. சிலர் இவற்றை வீண் தொல்லை எனக் கருதுகின்றனர். அனுமதிச் சீட்டில் நம் பெயர்கள் இருந்தால்தான், ஓர் இரவு நாம் திரும்பாதபோது நம்மைத் தேட வேண்டும் என்பதும் எங்கே தேட வேண்டும் என்பதும் பிறருக்குத் தெரியும். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்கு இந்த ஒரு பயனே போதும்.

முன்னதாக ஒருமுறை சென்று வாருங்கள்

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே பொறுப்பாளர் இருவர் நேரில் சென்று இடம் பார்க்கவேண்டும். நண்பகலில் போய் உடனே திரும்பினால் பயனில்லை. அந்தி சாயும்வரை அங்கே இருந்து பார்க்கவேண்டும். கொசு எப்போது எழுகிறது, காற்று எத்திசை திரும்புகிறது, யார் யார் அவ்வழியே வருகின்றனர் என்பன அந்த வேளையில்தான் தெரியும்.

பின்பு ஆடு மேய்ப்பவரையும் மீன் பிடிப்பவரையும் வனக்காவலரையும் கண்டு பணிவுடன் கேளுங்கள்: “மழை வந்தால் நீர் எதுவரை ஏறும்? இரவில் எந்த விலங்கு எந்தப் பக்கமாக வரும்? இங்கே யாரேனும் நீரில் மூழ்கியதுண்டா? எந்த மாதத்தில் தீப் பிடிக்கும்? உங்கள் பிள்ளைகளை இங்கே இரவில் படுக்க விடுவீர்களா?” கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால், அந்தத் தயக்கமே போதிய விடையாகும். எவ்வளவு அழகிய இடமாயினும் அதை விட்டுவிடுங்கள். படித்தவர் பத்துப் பேர் வரைபடத்தில் காணாததை, அங்கேயே ஆண்டு முழுவதும் வாழ்பவர் ஒரு சொல்லில் சொல்லிவிடுவார்.

இன்னொரு முன்னேற்பாடும் தேவை. மழை வலுத்தாலோ மனத்துக்கு ஐயம் தோன்றினாலோ உடனே சென்று தங்குவதற்கு, கூரையுள்ள மாற்றிடம் ஒன்றைக் குறித்து வையுங்கள். அவ்வூர்ப் பள்ளிக்கூடமோ ஆலய மண்டபமோ போதும். நள்ளிரவில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு அங்கே போய்ப் படுப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்ற எண்ணமே பல வேளைகளில் மனிதரை ஆபத்தில் நிறுத்திவிடுகிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். என்று திரும்புவார்கள் என்றும் கேட்கிறீர்கள். அவற்றோடு, “இரவில் எங்கே படுப்பார்கள்? அந்த இடத்தை யார் போய்ப் பார்த்து வந்தார்கள்?” என்றும் கேளுங்கள். கேட்பதால் பொறுப்பாளர் வருந்தமாட்டார்; நல்ல பொறுப்பாளர் மகிழவே செய்வார். அவர் தெளிவாக விடை கூறினால் பிள்ளையை மனநிறைவோடு அனுப்பி வையுங்கள். இருண்ட மலைமேல் விண்மீன்களை எண்ணிவிட்டு, நலமாக வீடு திரும்பி, கண்டதையெல்லாம் மூச்சு விடாமல் அது உங்களுக்குச் சொல்லட்டும்.